எந்தக் கை

கைத்துப்பாக்கி என்றுதான் பெயர்.
எந்தக் கை என்று சொல்லுக்குள் இல்லை.
கம்மனஹள்ளியில், சோபாக் கடைக்குக் கீழே
பத்து மீட்டர் சுடுகளத்தில்
வந்து நிற்கும்வரை
எனக்கும் அது தோன்றியதில்லை.

வாடகைத் துப்பாக்கிகள் ஐந்து.
ஐந்தும் சோத்தாங்கைக்கென்றே பிறந்தவை.
வால்நட் மரத்தில் செதுக்கிய பிடி:
கட்டைவிரல் சாய ஒரு வளைவு,
உள்ளங்கைக்கு ஒரு மேடு,
சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு படி.
என் கையில் எடுத்தால்
மேடு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம்.
யாருடைய செருப்பிலோ கால் நுழைத்து
பாதித் தெரு நடந்துவிட்ட மாதிரி.

"எடகையா மேடம்?" என்றார் புட்டராஜு.
கன்னடத்தில்கூட என் கை
ஓரெழுத்து தள்ளித்தான் நிற்கிறது.

காகிதத்தில் துளை போட்டுக் கொடுத்து
எதிர்ச்சுவர் மின்விசிறியைப் பார்க்கச் சொன்னார்.
இடக்கண்ணை மூடினேன், விசிறி இருந்தது.
வலக்கண்ணை மூடினேன், வெறும் சுவர்.
ஆக, கை ஒரு கட்சி, கண் ஒரு கட்சி.
"பரவாயில்லை, கூட்டணிதானே" என்று
என் கண்ணாடியின் இடப்பக்கத்தில்
செலோ டேப் ஒட்டினார்.

பிறகு துப்பாக்கிப் பேச்சு.
வலக்கைக்கு மாறிவிடலாம், ஆறு மாதத்தில் பழகிவிடும்,
பழையது பாதி விலைக்கே கிடைக்கும்.
இல்லையென்றால்
இரண்டு கைக்கும் பொதுவான தட்டைப் பிடி.
தொட்டுப் பார்த்தேன். லாட்ஜ் அறைச் சாவிபோல
யாரையும் தெரியாமல் இருந்தது.
மூன்றாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்:
இடக்கைப் பிடி. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்.
எட்டு வாரம். ஒன்றே முக்கால் லட்சம்.
பிடிக்காமல் போனால் விற்கவும் முடியாது,
யார் வாங்குவார்கள்?

அல்சூர் கிளைக் கவுன்டரில்
பதினொரு வருடம் நோட்டு எண்ணிய கை இது.
ஒரு வெள்ளிக்கிழமை காலை
"பீச்சாங்கையால கொடுக்காதம்மா" என்று
பணத்தைத் தொடாமல் நின்றார் ஒருவர்.
வலக்கைக்கு மாற்றிக் கொடுத்தேன்.
எண்ணிக்கை அதேதான் இருந்தது.
மாறிவிடலாம் என்பது
எனக்கு ஒன்றும் புது யோசனை இல்லை.

சீட்டு விழுந்த வாரம் போய்
மூன்றாவது என்றேன்.

அளவெடுக்க வெள்ளைத்தாள் வைத்தார்கள்.
இடக்கையை விரித்து அதன்மேல் வைத்து
சுற்றிலும் பேனாவால் வரைய வேண்டும்.
அப்போதுதான் உறைத்தது:
எனக்காக எல்லாவற்றையும் எழுதும் கை
தன்னைத்தானே வரைந்துகொள்ள முடியாது.
வலக்கை பேனாவை வாங்கியது,
முதல் நாள் வேலைக்கு வந்தவனைப்போல.
மோதிரவிரலருகே நடுங்கியது.
சுண்டுவிரலைத் தாண்டி ஓடித் திரும்பி வந்தது.
அந்தக் கோணல் படத்தைத்தான்
ஸ்கேன் செய்து கடல்தாண்டி அனுப்பினார்கள்:
பிடி, இடது, சிறியது.

எட்டு வாரம் பதினொன்றாயிற்று.
பெட்டியோடு மெட்ரோவில் விடமாட்டார்கள் என்று
மழையில் ஆட்டோ பிடித்து வந்தேன்.
எடுத்தேன்.
மேட்டில் மேடு.
ஆயிரம் நோட்டுக் கட்டின் எடைதான்,
கைக்குத் தெரிந்த எடை.

அடுத்த தடத்தில் தேஜஸ்,
மாநிலப் போட்டிவரை போன கல்லூரிப் பையன்,
"ஒரு நிமிஷம் அக்கா" என்றான்.
காலி என்று திறந்து காட்டித் தந்தேன்.
சோத்தாங்கையில் திணித்தான். திருப்பினான்.
மறுபடி திணித்தான்.
"என்னமோ குத்துதே.
தப்பா செஞ்சு அனுப்பிட்டாங்களா?"

இல்லை என்றேன்.

அன்று பத்துக் குண்டுகள்.
இரண்டு கறுப்பில், ஐந்து வெள்ளையில்,
ஒன்று அட்டையின் ஓரத்தைக் கடித்து
அரை நிலாவாக.
மீதி இரண்டையும்
டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறார்
புட்டராஜு.